தொடையில் இருக்கிறது ஃபார்ம்

“பசங்க ஃபார்முக்கு வந்துட்டாங்க மாப்ள. இனி யாரு வந்தாலும் அடிதான்.”

“ஃபார்மாவது ஒண்ணாவது. கோச்ச மாத்துனாங்கல்ல, அதான் மச்சான்.”

ஆலங்குளம் முக்கில் கால்பந்துப் பித்துப் பிடித்த நாலு பேர் டீ கிளாஸோடு நின்று சென்னையின் எஃப்சி பற்றிப் பேசினால், பேச்சு இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து முட்டும். ஓரமாக நிற்கிற ஒருவர், “அவனுக்குக் கால் சரியாயிருச்சா?” என்று கேட்பார். அதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லமாட்டார்கள். கடந்த இருபது ஆண்டுகளாக விளையாட்டு மருத்துவம் சேர்த்து வைத்திருக்கிற சான்றுகளைப் பார்த்தால், அந்த மூன்று பேச்சில் அவருடைய கேள்விதான் கனமானது.

சென்னையின் எஃப்சியை வைத்தே பார்க்கலாம். இவ்வளவு உயரமாக ஏறி இவ்வளவு ஆழமாக இறங்கிய அணி ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீக்கில் அபூர்வம். 2015-ல் அட்டவணையின் அடியில் கிடந்த அணி, கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. சென்னை வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்ததால் அரையிறுதியின் சொந்த மண் ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டியிருந்தது. அப்படியும் டிசம்பர் 20 அன்று கோவாவை 3-2 என்று சாய்த்துக் கோப்பையை வாங்கியது. 2018 மார்ச் 17-ல் பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே வென்று இரண்டாவது கோப்பை. அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் வெறும் 9 புள்ளிகள், கடைசி இடம்.

அதற்கடுத்த 2019-20 பருவம்தான் டீக்கடைப் பேச்சுக்கு ஏற்ற பருவம். முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது கையில் 5 புள்ளிகள். பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகினார், டிசம்பரில் ஓவன் கோயில் வந்தார். மிச்சமிருந்த பன்னிரண்டு ஆட்டங்களில் 24 புள்ளிகள்! அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 6-5 என்று தாண்டி இறுதிக்குப் போனது. 2020 மார்ச் 14-ல், கொரோனா அச்சத்தால் ரசிகர்களே இல்லாத ஃபடோர்டா மைதானத்தில், ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றது. லித்துவேனியாக்காரர் நெரியுஸ் வால்ஸ்கிஸ் அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்தார்.

பார்த்தீர்களா, கோச் மாறினார், அணி மாறியது என்று மச்சான் சொல்வார். அவசரப்பட வேண்டாம். நெதர்லாந்துப் பொருளியல் ஆய்வாளர் பாஸ் தெர் வீல் அந்நாட்டு முதல்நிலை லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை எடுத்து அலசினார். தொடர்ந்து தோற்றதால் பயிற்சியாளரை நீக்கிய அணிகள் பிறகு தேறியது உண்மை. ஆனால் அதே அளவு தோற்றும் பயிற்சியாளரை வைத்துக்கொண்ட அணிகளும் ஏறக்குறைய அதே வேகத்தில் தேறின. ஒரு அணி தன் இயல்பைவிட மோசமாக ஆடும் காலம் பெரும்பாலும் தானாகவே முடியும். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து எப்போதும் கம்பத்திலேயே படாது. புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். சரிவின் அடியில் கோச்சை மாற்றினால், எப்படியும் வந்திருக்க வேண்டிய ஏற்றத்தின் பெயரும் புதியவருக்கே போய்ச் சேரும்.

கோயிலின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆட்டங்களில் 24 புள்ளிகளைச் சராசரியின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது என்றே நினைக்கிறேன். அதேசமயம் வால்ஸ்கிஸ், ரஃபேல் கிரிவெல்லாரோ, ஆந்த்ரே ஷெம்ப்ரி எல்லோருமே அந்த ஆண்டுதான் அணிக்கு வந்தவர்கள். ஒருவர் ஓட்டம் இன்னொருவருக்குப் பிடிபட ஆட்டங்கள் தேவைப்படும். அந்த ஆட்டங்களை அவர்கள் சேர்ந்து ஆடியிருக்கவும் வேண்டும்.

இந்தச் சேர்ந்து ஆடுதல்தான் விஷயம். ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட் 2001-லிருந்து ஐரோப்பாவின் முன்னணி கிளப்களின் காயக் கணக்கை எழுதி வருகிறார். அந்தக் கணக்கின் பதினோரு பருவங்களை வைத்து 2013-ல் வெளியான ஆய்வு சொன்னது இதுதான்: எந்தப் பருவத்தில் காயங்கள் குறைந்து, அதிகம் பேர் ஆடத் தயாராக இருக்கிறார்களோ, அந்தப் பருவத்தில் அதே அணி கூடுதல் புள்ளி எடுக்கிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி 2015 ஏப்ரலில் அட்டவணையின் அடியில் கிடந்தது. அடுத்த ஆண்டே லீக் சாம்பியன். அந்தப் பருவம் முழுக்க அவர்கள் களமிறக்கியது 23 பேர் மட்டும், மற்ற எந்த அணியையும்விடக் குறைவு. பதினொரு பேரும் வாரா வாரம் அப்படியே கிடைத்தால் அணிக்கு ஃபார்ம் வருவதில் வியப்பில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் நம் அணியிலேயே இருக்கிறது. 2018-ல் கோப்பை வென்ற அணியின் நடுக்களத்தில் நின்று எதிரணியின் ஓட்டத்தை உடைத்துக்கொண்டிருந்தவர் சென்னைக்காரர் தனபால் கணேஷ். முழங்கால் காயத்தால் அவர் 2018-19 ஐஎஸ்எல் பருவத்தை இழந்தார். அந்த 9 புள்ளிகளுக்கு ஒரு முட்டி மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வீழ்ச்சியைப் பேசும் யாரும் அவர் இல்லாததைச் சேர்க்காமல் பேசவும் கூடாது.

காயம் என்றால் எதிராளி காலை வாரிவிட்டு வருவது என்றுதான் பார்வையாளர்கள் நினைக்கிறோம். தொழில்முறைக் கால்பந்தில் மிக அதிகமாக வருவது யாரும் தொடாமலே வரும் ஒரு காயம். விங்கில் பந்தை விரட்டி முழு வேகத்தில் ஓடுகிறவன் திடீரென்று தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டுவான். “ஹாம்ஸ்ட்ரிங் பிடிச்சிருச்சு” என்று வர்ணனையாளர் சொல்வார். எக்ஸ்ட்ராண்டின் கணக்கில் 2001-02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த இந்தப் பின்தொடைக் காயம், 2021-22-ல் 24 சதவீதமாக இரட்டித்தது. ஆட்டத்தின் வேகம் கூடியதும், ஆட்டங்களுக்கு நடுவே ஓய்வு குறைந்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

ஏன் அந்தத் தசை? முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசப்படுகிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முந்திய கணத்தில், முன்னே பாயும் கீழ்க்காலை நிறுத்த வேண்டிய வேலை பின்தொடைத் தசைக்கு. அப்போது அது நீண்டுகொண்டே இறுகவும் வேண்டும். எடையைத் தூக்கும்போது தசை சுருங்கிக்கொண்டு இறுகும். நீண்டுகொண்டு இறுகுவது அதைவிடக் கடினமான வேலை. தசை களைத்திருந்தால், அல்லது அந்த வேலைக்குப் பழகாமலிருந்தால், இழைகள் அங்கேதான் கிழிகின்றன.

அப்படியானால் அதே வேலையைப் பழக்க வேண்டியதுதானே? அதற்கான பயிற்சிக்கு ஜிம் வேண்டாம், காசும் வேண்டாம். முட்டிக்குக் கீழே ஒரு துண்டை மடித்துப் போட்டு மண்டியிட வேண்டும். கூட்டாளி பின்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். முட்டியிலிருந்து தலைவரை உடம்பை ஒரே நேராக வைத்து, இடுப்பு மடங்காமல், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய வேண்டும். பாதி தூரத்தில் பின்தொடை நடுங்கத் தொடங்கும். தாங்காத இடத்தில் கையை ஊன்றி விழுந்துவிடலாம். இதற்கு நார்டிக் பயிற்சி என்று பெயர். முதல் வாரம் தொடை நன்றாக வலிக்கும் என்பதால் நாலைந்து முறையில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்ட வேண்டும். டென்மார்க்கில் 50 அணிகளின் 942 ஆட்டக்காரர்களை இரண்டு பிரிவாக்கிச் சோதித்த ஆய்வில், இதைச் செய்யாத பிரிவில் 52 பின்தொடைக் காயங்கள், செய்த பிரிவில் 15. பிறகு 8,000-க்கும் மேற்பட்ட விளையாட்டு வீரர்களின் தரவைத் தொகுத்த ஆய்விலும் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் சங்கதி விளையாட்டு மருத்துவத்தில் அதிகம் கிடையாது. நம் ஊர்ப் பள்ளி மைதானங்களில் ஓட்டமும் தண்டாலும் நடக்கிற நேரத்தில் இதையும் சேர்க்கத் தடையே இல்லை.

பெண்கள் அணிகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஓடித் திரும்பும்போது முட்டிக்குள்ளிருக்கும் முன் குறுக்குத் தசைநார், ஊர்ப்பேச்சில் ‘முட்டி ஜவ்வு’, கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்சி 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக்கை வாங்கியது. நம் ஆண்கள் அணிகளைவிட இவர்கள் சாதித்தது கூடுதல், இவர்களைப் பற்றிய டீக்கடைப் பேச்சு மிகக் குறைவு. இது எனக்கு வருத்தம்தான். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 பெண் பிள்ளைகளிடம், ஆட்டத்துக்கு முன் 20 நிமிட முன்தயாரிப்புப் பயிற்சி ஒன்றைச் சோதித்தார்கள். ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், குதித்து முட்டியை உள்ளே சாயவிடாமல் இறங்குதல், நார்டிக் எல்லாம் சேர்ந்தது. 2008-ல் முடிவு வெளியானபோது கடுமையான காயங்கள் பாதியளவுக்குக் குறைந்திருந்தன. ஃபிஃபா ‘11+’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரப்புவது இதைத்தான்.

கணுக்காலைத் திடப்படுத்தும் ஒற்றைக்கால் பயிற்சி எங்கள் கரிசல் பக்கத்துக்கு இன்னும் பொருத்தம். கரிசல் மண் மழையில் வீங்கும், வெயிலில் சுருங்கிப் பிளக்கும். பங்குனி, சித்திரையில் வெடிப்பு ஒரு பாதம் இறங்குகிற அகலத்துக்கு வாய் பிளந்து கிடக்கும். ஆட்டத்துக்கு முன்னால் வெடிப்புகளில் மண்ணள்ளிப் போட்டுத் தண்ணீர் தெளித்து மிதிப்பது கணுக்காலுக்கான வைத்தியம். அதை ஆட்டம் முடிந்தபிறகு செய்ய முடியாது.

வெயிலுக்கு வருவோம். தசை செலவழிக்கும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. அதை உடம்பிலிருந்து இறக்க வியர்வை ஆவியாக வேண்டும். ஆட்டத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்க்கலாம், தண்ணீரோடு உப்பும் போகும். 2014 பிரேசில் உலகக் கோப்பையை ஆராய்ந்தவர்கள், வெப்பம் மிகுந்த ஆட்டங்களில் அதிவேக ஓட்டங்கள் குறைந்ததையும், பாஸ்கள் குறிதவறாமல் போய்ச் சேர்வது கூடியதையும் கண்டார்கள். ஆட்டக்காரர்கள் தங்களை அறியாமலே வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். காற்றின் ஈரம், வெயிலின் சூடு இரண்டையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32 டிகிரியைத் தாண்டினால் நடுவில் தண்ணீர் இடைவேளை விடலாம் என்பது அந்தப் போட்டியின் விதி. எங்கள் ஊர் மதிய ஆட்டங்களுக்கு அந்தக் கருவியெல்லாம் வேண்டாம், வெயிலைப் பார்த்தே இடைவேளை விடலாம். உப்புப் போட்ட நீர்மோர் நல்ல ஏற்பாடு. வெளியூரிலிருந்து, குளிர்ந்த இடத்திலிருந்து வருகிற பையனுக்கு உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். அதற்குள் வியர்வை சீக்கிரமே அரும்பத் தொடங்கும், வியர்வையில் போகும் உப்பும் குறையும். நேற்று வந்தவனை இன்று முழு ஆட்டம் ஆடவிடுவது தவறு.

பொங்கல் சமயத்து ஊர்ப் போட்டிகளில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. காலையில் லீக், மதியம் காலிறுதி, மறுநாள் அரையிறுதி, அன்று மாலையே இறுதி. ஓடுகிற தசைக்குள் சேர்த்து வைத்த சர்க்கரை ஒரு கடும் ஆட்டத்தில் பெருமளவு கரைந்துவிடும். அது முழுசாக மீள இரண்டு மூன்று நாள் ஆகும். இறுதி ஆட்டத்தில் பையன்கள் கால் இழுத்துக்கொண்டு விழுவதைப் பார்த்து “தம் இல்ல” என்று சொல்வது நியாயமில்லை. அட்டவணை போட்டவர்கள் கேட்க வேண்டிய குறை அது.

பெரிய கிளப்கள் முதுகின் மேல்பகுதியில் ஜிபிஎஸ் கட்டிவிட்டு ஒவ்வொரு ஓட்டத்தையும் அளக்கின்றன. அதற்கு வழியில்லாதவர்களுக்கு அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் சொன்ன முறை போதும். பயிற்சி முடிந்து கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருவரிடமும் “எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, பத்துக்கு எத்தனை?” என்று கேட்க வேண்டும். அந்த எண்ணை நிமிடங்களால் பெருக்க வேண்டும். ஏழு என்று சொன்னவர் அறுபது நிமிடம் ஆடியிருந்தால் 420. ஒரு நாற்பது பக்க நோட்டில் வாரக் கணக்கைக் கூட்டிக்கொண்டே வந்தால், யாருக்குப் பளு திடீரென்று எகிறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். எத்தனை சதவீதம் கூடினால் ஆபத்து என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே வாரத்தில் ஐந்து ஆட்டம் ஆடுவது கெடுதல் என்பதற்கு அந்தச் சண்டை முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. தூக்கத்தையும் அதே நோட்டில் எழுதலாம். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் வளரிளம் விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் காய வாய்ப்பு 1.7 மடங்கு என்று 2014-ல் ஒரு அமெரிக்க ஆய்வு கண்டது.

“கால் சரியாயிருச்சா?” என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. எக்ஸ்ட்ராண்டின் கணக்கில் பின்தொடைக் காயங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பழைய காயமே திரும்ப வந்தது. அப்படித் திரும்பியவற்றில் மூன்றில் இரண்டுக்கு மேல், ஆட்டத்துக்குத் திரும்பிய இரண்டு மாதத்துக்குள் வந்தவை. நடக்கும்போது வலியில்லை என்பது மட்டுமே ஆடத் தகுதி ஆகிவிடாது. அழுத்திப் பார்த்தால் வலிக்கிறதா, இரண்டு தொடைக்கும் ஒரே பலம் இருக்கிறதா, முழு வேகத்தில் பலமுறை ஓடி நின்று திரும்பியும் ஒன்றும் தோன்றவில்லையா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றில் தேறாவிட்டாலும், மறுநாள் நடக்கப்போவது இறுதி ஆட்டமாகவே இருந்தாலும், அந்தப் பையனை வெளியே உட்கார வைக்கிற கேப்டனை ஊர் திட்டக்கூடாது.