கொள்ளுப்பாட்டனாரின் இறப்புப் பதிவு

முன்னோரின் பெயர்களைக் குடிக்கணக்கில் தேடலாமே என்று அன்பர் சிலர் கேட்கின்றனர். அக்கணக்கில் அச்சேறுபவை தொகைகளே; தனியார் விவரங்களை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிறர் பார்வைக்கு விடுவதில்லை. கைகொடுப்பது இறப்புப் பதிவேடுதான். சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. கிராமத்தில் கிராம முன்சீப் ஏடு எழுதினார், நகரத்தில் நகராட்சி.

எங்கள் கொள்ளுப்பாட்டனார் பார்த்திப ஆண்டு மாசியில் மறைந்தார் என்பது மட்டுமே வீட்டுச் செய்தி. அஃதாவது, 1946 பிப்ரவரி அல்லது மார்ச்சு. விடுமுறையில் கும்பகோணத்தருகே சொந்த ஊர் சென்றபோது இருமுறை ஏட்டைப் புரட்டினோம், பெயர் இல்லை. பிறகே புத்தி வந்தது: மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு, பிறந்த ஊரில் அன்று. ஊர்விட்டு ஊர் மாறியே பிழைக்கும் இரயில்வேக் குடும்பத்தார்க்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்!

அவர் ஃபயர்மேனாகப் பணியாற்றிய விழுப்புரத்தில் தேடினோம், கிடைத்தது. வயது 41. காரணம், காய்ச்சல். அறிவித்தவர், தம்பி. சாவுக்கும் வரவில்லை என்று மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டார் உறவு முறித்திருந்த அதே தம்பி. அவருடைய பேரர்கள் திருச்சியில் இருக்கின்றனராம். கடிதம் எழுதியிருக்கிறோம்.