எரிபொருள் மெலிந்த எஞ்சின்

மயிலாப்பூர் மாட வீதிகளின் நெரிசலில் ஊர்ந்தே பழகிய ஸ்போர்ட்ஸ் கார், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் முழு வேகத்துக்கு முடுக்கப்படும்போது திணறி இழுவை இழக்குமானால், அதன் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லையோ என்று சந்தேகிப்பது நியாயமே. ஒரு பங்கு பெட்ரோல் பூரணமாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும்; காற்று அதனினும் மிகுந்தால் கலவை மெலியும், பாரம் ஏறிய வேளையில் பிஸ்டனுக்கே விநாசம் நேரலாம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல், தானே ஆக்ஸிஜன் சுமந்து வருவதால், பழைய கார்களில் கலவையை மேலும் சற்று மெலியச் செய்யும்.

ஆக்ஸிஜன் சென்சாரின் தகவலைக் கொண்டு எஞ்சின் கம்ப்யூட்டர் கூட்டித் தரும் எரிபொருளின் சதவீதத்தை ஸ்கேனரில் கவனிக்கவேண்டும்: ஐடிலில் மிகுந்து, வேகம் கூட்டியதும் தணிந்தால் பெரும்பாலும் காற்றுக் கசிவு; பாரத்தோடு அதுவும் ஏறினால் பெரும்பாலும் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் இவற்றில் ஒன்றே காரணம். இந்தப் பரீட்சைக்கு முன்பே இன்ஜெக்டரைக் கழற்றுவது வீண் சிரமம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பழுது இன்ஜெக்டரில்தான் என்று தெரிந்தால், கழற்றியதை அல்ட்ராசோனிக் தொட்டியில், மின்துடிப்பால் திறந்து மூடச் செய்தவாறே கழுவி, சோதனை மேடையின் அளவுக் கண்ணாடிக் குழாய்களில் பீய்ச்சவிட்டால், சுத்தமானது மெல்லிய துளிகளாக விரியும். அடைபட்டது ஒரு பக்கம் கோடாகச் சாயும். திரும்பப் பொருத்துகையில், ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைகளில் தேடியேனும் ரப்பர் வளையங்களைப் புதிதாக வாங்கி மாட்டவேண்டும்; பழையவை காற்றைக் கசியவிட்டால் அதே வியாதி மீண்டும் தலைகாட்டும்.