தகுதியும் கதிரையும்: பணிப்பாளர் சபைகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு பற்றி

சில வாரங்களுக்கு முன் வெம்பிளியில் ஒரு நண்பர் வீட்டில் கூடியிருந்தோம். கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளில் பெண்களுக்குச் சட்டப்படி இடம் ஒதுக்க வேண்டுமா என்று பேச்சு வந்தது. "தரப்படுத்தலால் அடிபட்டு வந்த நாங்கள் எப்படி ஐயா கோட்டாவை ஆதரிக்கிறது? தகுதி உள்ளவர் வரட்டும்" என்றார் ஒருவர். ஆறு ஆண்களும் தலையாட்டினோம். பெண்கள் குசினியில் இருந்தார்கள். அன்று நானும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன்.

முதலில் தரப்படுத்தல். 1971 இல் வந்தது மொழிவாரித் தரப்படுத்தல். அரச அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த பெரும்பான்மை, தமிழில் பரீட்சை எழுதிய மாணவருக்கு உயர்ந்த வெட்டுப்புள்ளியை விதித்தது. அது அநீதி என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டை நாம் அதே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அதில் யாழ்ப்பாணம் இழந்தது உண்மை. மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய தமிழ் மாவட்டங்களின் பிள்ளைகளுக்குக் கதவு சற்றுத் திறந்ததும் உண்மை. ஆக, ஒதுக்கீடு ஒரு கருவி. அதிகாரம் உள்ளவன் தன் இடத்தைப் பெருக்க அதைப் பயன்படுத்துகிறானா, வெளியே நிற்பவருக்கு இடம் விட அது பயன்படுகிறதா என்பதைத்தான் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

இனி விடயத்துக்கு வருவோம். பணிப்பாளர் சபை என்பது கம்பனியின் தலைமை நிர்வாகியை நியமிப்பது, அவரது சம்பளத்தைத் தீர்மானிப்பது, எந்தத் தொழிற்சாலையை மூடுவது என்று முடிவெடுப்பது. அங்கே பெண்களைச் சேர்க்க இரண்டு வழிகள் கையாளப்பட்டுள்ளன.

ஒன்று சட்டம். நோர்வே 2003 இல் இதைச் சட்டமாக்கியது. யோசனையை முன்வைத்த வர்த்தக அமைச்சர் அன்ஸ்கார் கப்ரியல்சன் இடதுசாரி அல்லர், பழைமைவாதக் கட்சிக்காரர். பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கும் கம்பனிகள் தம் சபைகளில் ஏறக்குறைய 40 வீதம் பெண்களைக் கொண்டிருக்க வேண்டும். தவறினால் கம்பனியே கலைக்கப்படலாம். 2008 தொடக்கத்துடன் தவணை முடிந்தது. சில கம்பனிகள் தம் சட்ட வடிவத்தை மாற்றிக்கொண்டு தப்பின. மற்றவை பெண்களைக் கண்டுபிடித்தன. ஐரோப்பிய ஒன்றியமும் 2022 இல் இத்தகைய கட்டளை ஒன்றை நிறைவேற்றி, 2026 ஜூன் 30 ஐத் தவணையாக வைத்தது.

மற்றையது இலக்கு. பிரித்தானியா சட்டம் வேண்டாம் என்றது. 2011 இல் டேவிஸ் பிரபுவின் அறிக்கை வந்தபோது லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு கம்பனிகளின் சபைகளில் பெண்கள் 12.5 வீதம். 2015 இல் 25 வீதம் என்ற இலக்கு எட்டப்பட்டது. பின்னர் இலக்கு 40 வீதமாக உயர்ந்து, முதல் 350 கம்பனிகளில் அதுவும் 2022 இல் எட்டப்பட்டது. சட்டம் இல்லாமலே நடந்ததே என்பார்கள். சட்டம் வரும் என்ற பயம் பின்னால் நின்றதை மறக்கக் கூடாது. சபைக்குள் வந்த பெண்களில் பெரும்பாலானோர் அன்றாட நிர்வாகத்தில் பங்கில்லாத பணிப்பாளர்கள். நூறு கம்பனிகளில் பெண் தலைமை நிர்வாகிகள் இன்னும் பத்துப் பேர் அளவில்தான்.

"தகுதி?" என்ற கேள்வி இங்கே வரும். நோர்வேச் சட்டத்தை ஆராய்ந்து மரியான் பேர்ட்ரண்ட் முதலான பொருளியலாளர்கள் 2019 இல் வெளியிட்ட ஆய்வு, ஒதுக்கீட்டின்பின் வந்த பெண்கள் முன்பிருந்த பெண் பணிப்பாளர்களைவிடத் தகைமை கூடியவர்கள் என்று கண்டது. தகுதி இருந்தது, கதவுதான் பூட்டியிருந்தது. எனக்கு இது ஆய்வு படித்துத் தெரிந்த விடயமன்று. ஊரில் நான் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் ஒரு தெரிவுக்குழுவில் அமர்ந்திருந்தேன். புள்ளிகளில் முன்னே நின்றவர் ஒரு பெண். "கலியாணம் முடிச்சுப் போயிடுவா" என்று ஒரு குரல். பின்னால் நின்ற பையன் தெரிவானான். நான் கையொப்பம் வைத்தேன். அந்தப் பையன் இரண்டு வருடத்தில் கனடா போய்ச் சேர்ந்தான்.

ஆனால் ஒதுக்கீடு யாரை உள்ளே விடுகிறது என்றும் பார்க்க வேண்டும். இந்தியாவின் 2013 ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம் குறிப்பிட்ட வகைக் கம்பனிகள் ஒரு பெண் பணிப்பாளரையேனும் நியமிக்க வேண்டும் என்றது. பல கம்பனிகள் முதலாளியின் மனைவியையும் மகளையும் அமர்த்தின. 2014 இல் ரிலையன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் சபைக்கு வந்தவர் முகேஷ் அம்பானியின் மனைவி நீத்தா அம்பானி. பின்னர் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி, முதல் 500 கம்பனிகளில் 2019 ஏப்ரலிலிருந்து சுயாதீனப் பெண் பணிப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்று ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று: மேற்சொன்ன நோர்வே ஆய்வு, சபையில் பெண்கள் கூடியதால் அதே கம்பனிகளில் வேலை செய்யும் ஏனைய பெண்களின் நிலை குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்றும் கண்டது. நான் இப்போது உணவு பொதிசெய்யும் ஒரு பக்டரியில் நிற்கிறேன். லைனில் என் பக்கத்தில் நிற்கும் குஜராத்திப் பெண்ணும் எங்கள் பெண்களும் பதினைந்து வருடமாக அதே இடத்தில் நிற்கிறார்கள். மேலே ஒரு சீமாட்டி சபையில் அமர்ந்தால் கீழே இவர்களது ஷிப்ட் மாறாது.

இதே பிரென்ட் நகரசபை எல்லைக்குள், வில்ஸ்டனில், 1976 ஓகஸ்டில் கிரன்விக் படக்கழுவல் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜெயாபென் தேசாய் தலைமையில் ஆசியப் பெண்கள் இரண்டு வருடங்கள் நின்றார்கள், தோற்றார்கள். அது நடந்துகொண்டிருக்கும்போதே, 1977 ஜனவரியில், பெரிய கம்பனிகளின் சபைகளில் தொழிலாளர் பிரதிநிதிகள் அமர வேண்டும் என்று புல்லொக் குழு அறிக்கை கொடுத்தது. அது சட்டமாகவே இல்லை. ஜேர்மனியிலோ 1976 ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பனிகளின் மேற்பார்வைச் சபையில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. பெண்களுக்கான ஒதுக்கீடும் தொழிலாளருக்கான ஒதுக்கீடும் சேர்ந்தால்தான் லைனில் நிற்கும் பெண்ணுக்கு அந்த அறைக்குள் ஒரு குரல் கிடைக்கும். ஒன்றை ஏற்று மற்றதைக் கைவிட்டது முதலாளித்துவத்தின் கெட்டித்தனம். அதற்காக ஏற்றதையும் வேண்டாம் என்பது எமது மடைத்தனமாகும்.

கடைசியாக எங்கள் கதை. லண்டனில் எங்கள் கோயில் அறங்காவலர் சபைகளையும் பழைய மாணவர் சங்க நிர்வாகங்களையும் எண்ணிப் பாருங்கள். மோதகம் அவிப்பவர் யார், மேடையில் கதிரை யாருக்கு? பங்குச்சந்தைக் கம்பனிகளைப் பற்றி எமது கருத்தை எவரும் கேட்கப்போவதில்லை. இந்தச் சபைகள் எம் கையில் உள்ளவை. அடுத்த பொதுக்கூட்டத்தில், நிர்வாகத்தில் பாதி இடம் பெண்களுக்கு என்று நான் அங்கத்தவனாக உள்ள சங்கத்தில் பிரேரணை கொண்டுவரப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். "தகுதியான பெண்கள் இல்லையே" என்று சொல்ல நினைக்கும் நண்பர்கள், இப்போது அந்தக் கதிரைகளில் இருக்கும் எங்களது தகுதி என்ன என்பதையும் எழுதி அனுப்பட்டும். அங்கிருந்து விவாதத்தைத் தொடங்கலாம்.