'இன்ட்ரஸ்ட்' என்னும் ஒரு சொல்

திண்டுக்கல் பேகம்பூரில் பூட்டுப் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர், அஸர் தொழுகை முடிந்ததும் ஓர் ஆங்கிலக் கடிதத்துடன் நம்மிடம் வந்தார். மகனின் தொழிலுக்காக வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கியவர். அவ்வாறு வாங்கியது தகுமா என்பதைப் பற்றி நாம் இங்குப் பேசப் புகவில்லை. அதை அவரே நன்கறிவார். கடிதத்தில் 'செக்யூரிட்டி இன்ட்ரஸ்ட்' என்றிருந்த இடத்தில் விரலை வைத்து, “ஹஜ்ரத், ஈடு வைத்த வீட்டுக்கும் தனியாக வட்டி போடுகிறார்களா?” என்று கேட்டார்.

அது வட்டிக் கணக்கு அன்று. ஈடாக வைத்த சொத்தின் மீது கடன் கொடுத்தவருக்கு உண்டாகும் உரிமையையே அத்தொடர் குறிக்கிறது. 2002ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, தவணை தவறிய கடனுக்கு 60 நாள் கெடு கொடுத்துவிட்டு, வழக்குத் தொடராமலேயே அச்சொத்தைக் கைக்கொள்ள வங்கிக்கு வழியுண்டு. வட்டி விவகாரம்தானே, பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என்றிருந்த நண்பருக்கு அக்கெடுவில் 23 நாட்கள் கழிந்துவிட்டிருந்தன.

அந்த ஒரே பக்கத்தில் அச்சொல் மூன்று இடங்களில் மூன்று பொருளில் வந்திருந்தது. ஓரிடத்தில் வட்டி, ஓரிடத்தில் சொத்தின் மீதான உரிமை, இறுதியில் 'உமது நலன் கருதி' என்னும் பொருளில் நலன். நம் மாணவர்கள் அகராதியில் முதலில் காணும் 'ஆர்வம்' அப்பக்கத்தில் எங்குமே இல்லை. அரபியில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன: ரிபா, ரஹ்ன், மஸ்லஹா, ரக்பத். இவற்றுள் முதலாவது ஹராம். இரண்டாவதோ, குர்ஆன் 2:283 அனுமதிக்கும் ஈடு. ஆங்கில ஆவணம் ஒன்றைப் படித்து மார்க்கத் தீர்ப்புச் சொல்ல முற்படும் ஆலிம், இச்சொல்லுக்கு முன் சற்று நின்றுதான் ஆக வேண்டும்.

இத்தனை பொருள் ஒரு சொல்லில் குவிந்தது எங்ஙனம்? இதன் வேர் 'இடையில் இருத்தல்', 'வேறுபாடு உண்டாக்குதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். வாக்குத் தவறியதால் ஒருவர் அடைந்த நிலைக்கும், தவறாதிருந்தால் அவர் அடைந்திருக்கக்கூடிய நிலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உரோமானியச் சட்ட வல்லுநர் இதனால் குறித்தனர். அதாவது, நட்ட ஈடு. இடைக்கால ஐரோப்பாவில் வட்டிக்குரிய சொல் 'யூஷுரி'. அதைத் திருச்சபை தடை செய்திருந்தது. ஆனால் காலம் தாழ்த்தித் தந்த கடனுக்கு நட்ட ஈடு பெறுவதை அனுமதித்தது. இவ்வாயில் வழியாக, நட்ட ஈட்டின் பெயர் மெல்ல மெல்ல வட்டியின் பெயராயிற்று. இங்கிலாந்தில் 1545ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்குப் பத்து வரை பெற இடமளித்தது. 1552இல் அது நீக்கப்பட்டு, 1571இல் மீண்டும் வந்தது. பின்னர் 'யூஷுரி' என்பது கொடு வட்டிக்கு மட்டும் ஒதுங்கியது. 1854இல் அங்கும், மறு ஆண்டே இந்தியாவிலும் உச்சவரம்புச் சட்டங்கள் ஒழிந்தன.

ரிபாவை யூசுஃப் அலீயும் பிக்தாலும் 'யூஷுரி' என்றே மொழிபெயர்த்தனர். அவர்கள் காலத்திலோ அச்சொல்லின் பொருள் கொடு வட்டியாகச் சுருங்கியிருந்தது. 'தடுக்கப்பட்டது கொடு வட்டிதான், வங்கி வட்டியன்று' என்று வாதிப்போர்க்கு ஆங்கிலத்தின் இவ்விரட்டைச் சொல் வசதியாக அமைந்தது என்பது நம் எண்ணம். தமிழ் வாசகர்க்கு இக்குழப்பம் இல்லை; வட்டி என்றால் வட்டிதான்.

ஏனைய மொழிகள் இதனை ஒளிக்கவில்லை. ரிபா என்றால் மிகுதல், உயர்தல். நம்மூர் மலைக்கோட்டைக் குன்று போன்ற மேட்டுநிலத்தைக் குறிக்கும் 'ரப்வா' (2:265) அதே வேரினது. 'வட்டி', வளர்ச்சி எனப் பொருள்படும் 'விருத்தி'யின் திரிபு. சோழர் கல்வெட்டுகளில் காணும் 'பொலிசை'யும் பொலிதல், அதாவது பெருகுதல்தான். மூன்றும் 'பணம் பெருகுகிறது' என்று நேரே சொல்கின்றன. ஆங்கிலச் சொல் மட்டும் இழப்பின் உடையை அணிந்து வந்தது. நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: இக்கால அரபு வங்கிகள் வட்டியை 'ஃபாயிதா', அதாவது பயன், என்று அழைக்கின்றன. ஒளிவிடம் தேடுவதில் நம்மவரும் பிந்தியவரல்லர்.

தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுக் கொடுவட்டித் தடைச் சட்டத்தின் ஆங்கில வாசகம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்னும் சொற்களை அப்படியே எடுத்தாள்கிறது. 2023இல் ரிசர்வ் வங்கி, தவணை தவறியதற்கான தண்டத்தை வட்டியோடு சேர்க்கலாகாது, தனிக் கட்டணமாகவே பெற வேண்டும் என்று பணித்தது. தாமதத்திற்குரிய ஈடாகப் பிறந்த சொல், அந்த இடத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது வியப்புக்குரியது.

வக்ஃபுச் சட்டத்திலும் இச்சொல் உண்டு. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 'பெர்சன் இன்ட்ரஸ்டட்' என்று வரையறுப்பவரை 'ஆர்வமுள்ளவர்' என்று பெயர்த்தால் பெரும்பிழை. ஒரு பள்ளிவாசலில் தொழும் உரிமையுடைய எவரும் அதனுள் அடங்குவர். பள்ளியின் சொத்தைப் பற்றிக் கேள்வி கேட்க முத்தவல்லிக்கு மட்டுமன்று, கடைசி வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளிக்கும் தகுதி தரும் சொல் அது.

கெடு முடியுமுன் எழுத்தில் ஆட்சேபம் தரலாம், அதற்கு 15 நாட்களுக்குள் வங்கி பதிலளித்தாக வேண்டும் என்று நண்பரிடம் எடுத்துரைத்தோம். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை மகனுடன் வழக்கறிஞரைக் காணச் சென்றார்.