சரக்குக் கப்பலாகவே நடித்த போர்க்கப்பல்

போர்க்காலத்தில் தனியாருக்குச் சொந்தமான வணிகக் கப்பல்களை அரசு கட்டாயமாகக் கையகப்படுத்திக் கடற்படைப் பணியில் ஈடுபடுத்துவது நெடுங்கால வழக்கம். முதல் உலகப் போரில் அவ்வாறு எடுக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை படைவீரர்களையும் நிலக்கரியையும் ஏற்றிச் செல்வதோடு நின்றுவிட, ஜெர்மனியின் ‘வாக்ட்ஃபெல்ஸ்’ என்னும் நீராவிச் சரக்குக் கப்பலோ தானே போர்க்கப்பலாகி, பகைவரின் கடற்படை ஆண்டுகொண்டிருந்த இந்தியப் பெருங்கடலில் நுழைந்து, கொழும்புத் துறைமுகத்தின் வாசலிலேயே கண்ணிவெடிகளை இட்டுச் சென்றது.

1913-இல் ஃபிளென்ஸ்பர்க் நகரில் கட்டப்பட்ட இக்கப்பல், இந்தியாவுக்குச் சரக்குப் போக்குவரத்து நடத்திவந்த பிரேமன் நகரத்து ஹன்சா நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஏறத்தாழ 5,800 டன் கொண்ட அது மணிக்குப் பத்துப் பதினொரு கடல் மைலுக்கு மேல் செல்ல இயலாத, பார்ப்பவர் கண்ணில் தங்காத ஒரு சாதாரணக் கப்பல். போரின் தொடக்கத்தில் ஜெர்மனி இத்தகைய வேலைக்கு விரைவான பயணிகள் கப்பல்களையே தேர்ந்தெடுத்தது. அவற்றின் கொதிகலன்கள் நிலக்கரியை அளவின்றி விழுங்கின. கரி நிரப்பிக்கொள்ளத் தன்னாட்டுத் துறைமுகம் எதுவும் தொலைகடலில் எஞ்சியிராத நிலையில் அவை நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. நாளொன்றுக்குச் சுமார் 35 டன் கரியில் மெல்ல ஊர்ந்து செல்லக்கூடியதும், அகன்ற சரக்கறைகளில் பல மாதங்களுக்கான கரியை அடக்கிக்கொள்ளக்கூடியதுமான கப்பலே இதற்கு ஏற்றது என்பது பட்டறிந்த பின்னரே விளங்கிற்று.

1916-இல் கடற்படை இதனை எடுத்து ‘வோல்ஃப்’, அதாவது ஓநாய், என்று பெயரிட்டது. பீரங்கிகளும், நீருக்கடியில் பாய்ந்து சென்று தாக்கும் டார்பிடோ குழாய்களும், தேவைப்படும்போது மட்டும் திறக்கும் தட்டிகளுக்குப் பின்னே மறைக்கப்பட்டன. வேறு கப்பலெனத் தோன்றும் வகையில் புகைபோக்கியின் உயரத்தையும் கம்பங்களின் அமைப்பையும் மாற்றும் ஏற்பாடும் செய்யப்பட்டது. சரக்கு இருந்த இடத்தில் 450-க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகள் ஏறின. வேவு பார்ப்பதற்கென நீரில் இறங்கி எழும் சிறு விமானம் ஒன்றும் உடன் சென்றது.

கார்ல் நெர்கரின் தலைமையில் 1916 நவம்பர் 30 அன்று கீல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பல், தென்னாப்பிரிக்கக் கரையோரம் கண்ணிவெடிகளை இட்டபின், 1917 பிப்ரவரி நடுவில் கொழும்பையும் அடுத்த சில நாட்களில் பம்பாயையும் நெருங்கி இரவில் அதே வேலையைச் செய்தது. ‘வூஸ்டர்ஷயர்’, ‘பெர்சியஸ்’ என்னும் இரு பிரிட்டிஷ் கப்பல்கள் அந்த மாதமே கொழும்புக்கு அருகில் வெடித்து மூழ்கின. 1914-இல் சென்னையைச் சுட்ட ‘எம்டன்’ தமிழர் நாவில் இன்றும் நிற்க, அதைவிடப் பல மாதங்கள் கூடுதலாகக் கடலில் திரிந்த வோல்ஃபை நம்மவர் அறியாதிருப்பதில் வியப்பில்லை. அறியப்படாமல் இருப்பதுதான் அதன் போர்முறை.

பிப்ரவரி இறுதியில் அரபிக்கடலில் அது பிடித்த ‘டரிடெல்லா’ என்னும் எண்ணெய்க் கப்பலோ, முன்னர் ‘குட்டன்ஃபெல்ஸ்’ என்ற பெயரில் அதே ஹன்சா நிறுவனத்துக்கு உழைத்து, போர் மூண்டதும் பிரிட்டனால் பறிமுதல் செய்யப்பட்டது. ஒரே முதலாளியின் இரண்டு கப்பல்கள் பகைவராகச் சந்தித்த விந்தை இது. நெர்கர் அதற்குக் கண்ணிவெடிகளைக் கொடுத்து ஏடன் பக்கம் அனுப்ப, பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலிடம் சிக்கியபோது அதன் மாலுமிகள் அதனைத் தாமே மூழ்கடித்தனர். பிடிபட்டவர்கள் வழியாக வோல்ஃபின் நடமாட்டம் பிரிட்டனுக்குத் தெரியவந்தும், பொதுமக்களுக்குச் சொல்லப்படவில்லை. ஆஸ்திரேலியக் கரையில் ‘கம்பர்லாந்து’ என்னும் கப்பல் வோல்ஃப் இட்ட கண்ணிவெடியில் சிக்கியபோது, கப்பலுக்குள்ளேயே யாரோ நாசவேலை செய்துவிட்டதாகப் பழி போடப்பட்டது.

நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கடல்களிலும் கண்ணிவெடிகளை விதைத்த வோல்ஃப், எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் 451 நாட்கள் கடலிலேயே இருந்தது. உணவும் கரியும் பிடிபட்ட கப்பல்களிலிருந்தே வந்தன. தான் வாய்திறவாமல் பிறர் அனுப்பும் கம்பியில்லாத் தந்திகளை ஒட்டுக்கேட்டே ‘மட்டுங்கா’ என்னும் ஆஸ்திரேலியக் கப்பலின் வரவை அறிந்து காத்திருந்தது. கொழும்புக்கு நிலக்கரி ஏற்றி வந்த ‘இகோட்ஸ் மெண்டி’ என்னும் ஸ்பானியக் கப்பல் நவம்பரில் அகப்பட்டிராவிட்டால் ஊர் திரும்பியிருப்பது அரிது. பெண்களும் குழந்தைகளும் அடங்கிய பல நாட்டுக் கைதிகள் பெருகப் பெருக, சரக்கறை சிறையாயிற்று. புதிய காய்கறியும் பழமும் இன்மையால் வரும் ஸ்கர்வி நோய், ஈறு வீங்கி உடல் தளரும்படி, சிறைப்பட்டவரையும் சிறைப்பிடித்தவரையும் ஒன்றாகவே பற்றியது.

1918 பிப்ரவரி 24 அன்று நானூறுக்கும் மேற்பட்ட கைதிகளுடன் கப்பல் கீலுக்குத் திரும்பியது. நெர்கர் நாட்டின் உயர்ந்த இராணுவ விருதைப் பெற்றார். ஆனால் கடலில் இட்டவை இட்ட இடத்திலேயே கிடந்தன: நான்கு மாதங்கள் கழித்து, அவற்றுள் ஒன்றில் மோதி நியூசிலாந்துக்கு வடக்கே ‘விம்மெரா’ என்னும் பயணிகள் கப்பல் மூழ்கி 26 பேர் மாண்டனர். போருக்குப்பின் பிரான்சுக்கு ஒப்படைக்கப்பட்ட வோல்ஃப், பீரங்கிகள் கழற்றப்பட்டு, ‘ஆண்டினூஸ்’ என்ற மூன்றாம் பெயருடன் மெசஜெரி மரிடிம் நிறுவனத்துக்காக மீண்டும் சரக்குச் சுமந்து, 1931-இல் இத்தாலியில் உடைக்கப்பட்டது.