அமீபாவின் பிடியும் தாய்ப்பாலின் சர்க்கரையும்

"இனிப்பு அதிகம் தின்னாதே, வயிற்றில் பூச்சி வரும்" என்று பிள்ளைகளைக் கண்டிக்காத வீடு குறைவு. பூச்சி மிட்டாயிலிருந்து வருவதில்லை. மலம் கலந்த மண், தண்ணீர், கழுவாத கை ஆகியவற்றின் வழியாகவே வருகிறது. ஆனால் சர்க்கரைக்கும் வயிற்று ஒட்டுண்ணிக்கும் வேறொரு தொடர்பு உண்டு. அதை அறிந்தால், மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த இரண்டு பழக்கங்களின் அருமை இன்னும் நன்றாக விளங்கும்.

சர்க்கரை என்றால் நாம் தேநீரில் போடும் சீனி மட்டுமல்ல. நம் உடலின் ஒவ்வொரு செல்லின் மேலும் பலவகைச் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து, கிளைவிட்டு நிற்கின்றன. இவற்றைக் கிளைக்கான்கள் என்பார்கள். ஏ, பி, ஓ என்று ரத்த வகை பிரிவதும் சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரையின் வேறுபாட்டால்தான். குடலின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்திலும் இந்தச் சர்க்கரைகள் நிறைந்துள்ளன.

சீதபேதியை உண்டாக்கும் 'எண்டமீபா ஹிஸ்டோலிடிகா' என்ற அமீபா பிடித்துக்கொள்வது இவற்றைத்தான். அதன் உடலில் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது. அது காலக்டோஸ் வகைச் சர்க்கரைகளை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகே அமீபா குடல் செல்லைக் கொல்கிறது. ரத்தமும் சீதமுமாகப் போவது அதனால்தான். சிலருக்கு அது கல்லீரல் வரை சென்று சீழ்க்கட்டியாகிவிடுகிறது. 1981இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ராவ்டினும் குரான்ட்டும், அதே வகைச் சர்க்கரையைக் கரைசலில் கலந்தால் அமீபா செல்களில் ஒட்ட முடியாமல் போவதைக் காட்டினார்கள். கை நிறையப் பொருள் வைத்திருப்பவன் வேறெதையும் பற்ற முடியாதல்லவா? அதுபோலத்தான்.

அமீபா தன்னைக் காத்துக்கொள்வதும் ஒரு சர்க்கரைச் சங்கிலியால்தான். மலத்தோடு வெளியேறும்போது அது தன்னைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொள்கிறது. இறால் ஓட்டில் உள்ள கைட்டின்தான் அந்த உறையிலும் இருக்கிறது. அதனால் வயிற்று அமிலத்தையும், குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரினையும் அது தாங்கிக்கொள்ளும். கொதிக்க வைத்தால் அழிந்துவிடும்.

வங்கதேசத்தின் டாக்காவில், மீர்ப்பூர் பகுதிக் குழந்தைகளை டாக்டர் ரஷீதுல் ஹக் குழுவினர் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். இந்த லெக்டினுக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் குடலில் உள்ள குழந்தைகளுக்கு மறுபடி தொற்று வருவது குறைவாக இருந்தது. அமீபாவின் பிடியைத் தடுத்தால் நோயைத் தடுக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

இனி தாய்ப்பாலுக்கு வருவோம். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் ஏறத்தாழ 5 முதல் 15 கிராம் வரை சிக்கலான சர்க்கரைகள் உள்ளன. அவற்றில் 150க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. பசும்பாலில் இவை மிகக் குறைவு. வியப்பு என்னவென்றால், குழந்தையால் இவற்றைச் செரிக்கவே முடியாது. அப்படியே பெருங்குடலுக்குச் சென்று நல்ல கிருமிகளுக்கு உணவாகின்றன. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், இவை அமீபா குடல் செல்களில் ஒட்டுவதையும் அவற்றைக் கொல்வதையும் குறைத்தன. அது ஆய்வுக்கூடச் சோதனைதான். தாய்ப்பால் குடித்த பிள்ளைக்குச் சீதபேதியே வராது என்று நாம் சொல்லிவிடக் கூடாது. ஆனாலும் படைத்தவன் எதையும் வீணாக வைக்கவில்லை என்பதை உணர இது போதும்.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆவது வசனம் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைக் கூறுகிறது. அதே வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. தாயும் தந்தையும் கலந்தாலோசித்து முன்பே பால் மறக்கச் செய்யவும், வேறொருவரைக் கொண்டு பாலூட்டவும் இடமளிக்கிறது. ஆகவே பால் சுரக்காத தாயைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

கெலமங்கலத்திலும் சுற்று வட்டாரத்திலும் ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் சகோதரிகள் பலர். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகும்போது புட்டிப்பால் வந்துவிடுகிறது. பால்மாவைக் கரைக்கும் தண்ணீரும், சரியாகக் கழுவாத புட்டியும்தான் அங்கே பெரிய ஆபத்து. சட்டப்படி, தகுதியுள்ள பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும். கேட்டுப் பெறுங்கள். சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி வைத்த தாய்ப்பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம். முதல் ஆறு மாதம் சீனித் தண்ணீரோ வேறு தண்ணீரோ தேவையில்லை.

இரண்டாவது பழக்கம் தூய்மை. நீர்த்துறை, பாதை, நிழல் ஆகிய இடங்களில் மலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் உள்ளது. அமீபா தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. எனவே இஸ்திஞ்சாவுக்குப் பிறகும், பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எல்லோருக்கும் அவசியம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பச்சையாக உண்ணும் தக்காளி, கொத்தமல்லி, புதினாவை நன்றாக அலசுங்கள்.

மலத்தில் ரத்தம் கண்டால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பள்ளியில் தரும் பூச்சி மாத்திரை அமீபாவைக் கொல்லாது. அதற்கான மருந்து வேறு. நின்றுவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால், உறை கட்டிய அமீபா குடலில் தங்கி, அடுத்தவருக்கும் பரவும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும், நமக்கு அவன் தந்த அருட்கொடைகளைப் பேணும் பக்குவத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.