தக திமியில் 'க': கவென்ட்ரியிலிருந்து ஒரு ஸ்கா பேண்ட்

இன்னைக்கு ஒரு பேண்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரு இசையோட வேர் வரைக்கும் போகப் போறோம். பேண்ட் பேரு தி ஸ்பெஷல்ஸ். ஊரு, இங்கிலாந்துல கவென்ட்ரி. வேர் இருக்கிறது ஜமைக்காவுல.

முதல்ல தாளம். 'தக திமி, தக திமி'ன்னு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. நம்ம கை தானா 'த' மேலயும் 'தி' மேலயும் தட்டும். ஸ்காவில் கிட்டார் விழுறது 'க' மேலயும் 'மி' மேலயும். அவ்வளவுதான் சூட்சுமம். கால் ஒரு இடத்துல, கிட்டார் இன்னொரு இடத்துல விழுறதால உடம்பு சும்மா இருக்காது. ஆபீஸ்ல இதைக் கேட்டுக்கிட்டே கோட் எழுதினா, நான் டேபிளை ஆட்டுறேன்னு பக்கத்து சீட்ல முறைக்கிறாங்க.

1950கள்ல கிங்ஸ்டன் மக்கள் அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுக்கு ஆடிக்கிட்டு இருந்தாங்க. பெரிய பெரிய ஸ்பீக்கர்களை வெச்சு நடக்கும் 'சவுண்ட் சிஸ்டம்' ஆட்டங்கள் அவை. ட்யூக் ரீட், காக்ஸன் டாட் ரெண்டு பேருக்கும் இதுல கடும் போட்டி. அமெரிக்காவில் ரசனை ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்பினதும், இவங்க கேட்ட மாதிரி புது ரெக்கார்டு வரத்து குறைஞ்சுது. அப்ப என்ன செய்வாங்க? சொந்தமா பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. உள்ளூர் மென்டோ இசையும் சேர்ந்து ஸ்கா பிறந்துது. 1962ல் ஜமைக்கா சுதந்திரம் வாங்கினப்போ ஊரெல்லாம் ஒலிச்சது இதுதான்.

1966 வாக்கில் வேகம் குறைஞ்சு ராக்ஸ்டெடி ஆச்சு. 1968ல் ரெக்கே. ரெக்கேயில் பேஸ் கிட்டார் முன்னாடி வந்துடும். அதோட பிரபலமான 'ஒன் டிராப்' தாளத்துல, நாலு எண்ணிக்கையில் முதலாவதை டிரம் காலியா விட்டுட்டு மூணாவதுல அடிக்கும். அந்த வெற்றிடம்தான் ரெக்கேயோட நிதானம்.

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கரீபியன் மக்கள் வேலைக்காக இங்கிலாந்து போனப்போ இந்த இசையும் கூடவே போச்சு. கார் தொழிற்சாலைகள் நிறைஞ்ச கவென்ட்ரியில் 1977ல் ஸ்பெஷல்ஸ் உருவாச்சு. லின்வால் கோல்டிங், நெவில் ஸ்டேப்பிள் ரெண்டு பேரும் ஜமைக்காவுல பிறந்தவங்க. பேண்டை ஆரம்பிச்ச ஜெர்ரி டாமர்ஸ் ஒரு பாதிரியாரோட மகன். பிறந்த ஊரு எதுன்னு நினைக்கிறீங்க? நம்ம ஊட்டி!

1979ல் டாமர்ஸ் 'டூ டோன்' லேபிளைத் தொடங்கினார். கறுப்பு-வெள்ளைக் கட்டம்தான் அதோட அடையாளம். அதே வருஷம் 'எ மெஸேஜ் டு யூ ரூடி' வந்துது. 1967ல் டாண்டி லிவிங்ஸ்டன் பாடின பாட்டோட மறுவடிவம் இது. அந்தப் பழைய பதிவில் டிராம்போன் வாசிச்ச ரிக்கோ ரோட்ரிகஸையே இதுலயும் வாசிக்க வெச்சாங்க. எடுத்தது எங்கிருந்துன்னு மறைக்கல. மூத்தவரை மேடையில் பக்கத்துல நிறுத்தினாங்க. எனக்கு இவங்க மேல மரியாதை வந்தது இங்கதான்.

ஆனா வெளியில் நிலைமை மோசம். தொழிற்சாலைகள்ல ஆட்குறைப்பு, இன்னொரு பக்கம் நேஷனல் ஃப்ரண்ட் மாதிரி இனவெறிக் கட்சிகள். இவங்க நிகழ்ச்சிகளுக்கே இனவெறிக் கும்பல் வந்து கலாட்டா பண்ணுச்சு. கோல்டிங்கே தெருவில் தாக்கப்பட்டார். 1981 ஏப்ரல்ல, கவென்ட்ரியில் இந்திய வம்சாவளி மாணவர் ஒருத்தர் இனவெறித் தாக்குதல்ல கொல்லப்பட்டார். ஜூன்ல ஸ்பெஷல்ஸ் அதே ஊர்ல இன ஒற்றுமைக்காகக் கச்சேரி நடத்தினாங்க.

அந்த நேரத்துல வந்ததுதான் 'கோஸ்ட் டவுன்'. கடையெல்லாம் மூடிக் கிடக்கிற ஊரைப் பத்தின பாட்டு. ஜூலையில் பல நகரங்கள்ல கலவரம் வெடிச்சப்போ, பிரிட்டன்ல அதுதான் நம்பர் ஒன். அதே ரெக்கார்டின் இன்னொரு பாட்டு 'ஒய்?', தன்னைத் தாக்கினவங்களைப் பார்த்து கோல்டிங் கேட்கிற கேள்வி. கொஞ்ச நாள்லயே பேண்ட் உடைஞ்சுது.

ஒரு பாட்டால இனவெறி ஒழிஞ்சுதான்னு கேட்டா, இல்லை. ஆனா, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நிக்கிற ஒரு மேடையை, அதை வெறுத்தவங்க கண்ணு முன்னாடியே ஆயிரக்கணக்கான பசங்களுக்குக் காட்டினாங்க. அது சின்ன விஷயம் இல்லை.

கேட்க ஆரம்பிக்கணும்னா இந்த வரிசையில் போங்க: முதல்ல ஸ்கடலைட்ஸ், அப்புறம் டாண்டி லிவிங்ஸ்டனோட 'ரூடி', கடைசியா ஸ்பெஷல்ஸோட 'ரூடி'. ரெண்டுலயும் அந்த டிராம்போன் வர்ற இடத்தைக் கவனிங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!